ஜெனீனை உட்கார வைத்த கதை

கட்டிய மனைவியைப் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார வைக்க ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட வேண்டுமா? ரோலண்ட் பெல்ட்டியர் அந்த ஜூலை மாதம் முழுக்க இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னையே கேட்டுக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நார்மண்டைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போது பாதிரியாரிடமே கேட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். அந்த ஆளுக்கு மனைவியைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்.

அவர் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு மர நாற்காலிகள் கிடந்தன. சாய்ந்த முதுகும் அகலமான கைகளும் வைத்தவை. ஓய்வு பெற்ற கையோடு வாங்கி வந்து, தானே பச்சைச் சாயம் அடித்துப் போட்டிருந்தார். ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் ஜெனீன் உட்கார வேண்டும். எதிரே பூத்துக் கிடக்கும் தோட்டத்தை இருவருமாகப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஊர்ப் பக்கத்துக் காகித ஆலையில் அவருக்கு இரவு ஷிப்ட். கல்யாணமான மறு வருஷம் தொடங்கியது, இந்த மார்ச் வரை அதே ஷிப்ட்தான். விடிந்த பிறகு வீட்டுக்கு வருவார். படுக்கையறை ஜன்னல் கண்ணாடி முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். அதற்கு மேல் கறுப்புத் திரையையும் இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். வீட்டில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது. அந்தத் திரைக்கு வெளியே, அத்தனை வருஷ வெயிலிலும், ஜெனீன் ஒரு பூந்தோட்டம் போட்டு வளர்த்துக்கொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. காலையில் காரை நிறுத்தும்போது கொஞ்சம் கண்ணில் படும், சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பும்போது கொஞ்சம் கண்ணில் படும்.

ஓய்வு பெற்ற அன்று அவர் மனதில் இருந்தது இந்த ஜூலை மாதம்தான். மெய்ன் மாநிலத்தில் மார்ச் என்றால் முழங்கால் அளவு பனி. ஏப்ரலில் சேறு. மே பாதியில் கறுப்பு ஈ கிளம்பிவிடும். காதுக்குள்ளும் கழுத்துக்குள்ளும் புகுந்து ரத்தம் வரக் கடிக்கும், புத்தியுள்ளவன் எவனும் வெளியே உட்கார மாட்டான். ரோலண்ட் பொறுத்தார். ஈ ஓய்ந்தது. பியோனி பூத்து உதிர்ந்தது. லில்லி மலர்ந்தது, டெய்சி மலர்ந்தது, வேலியோரம் ரோஜா சாய்ந்து சாய்ந்து பூத்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஃபாக்ஸ்குளோவ் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது. நெட்டைத் தண்டில் மேலிருந்து கீழ்வரை வெள்ளை மணிகள் தொங்கும் பூ அது. தேனீ உள்ளே நுழைந்தால் அதன் பின்பக்கம் மட்டும்தான் வெளியே தெரியும். ரோலண்ட் நாற்காலியைத் துடைத்தார், ஐஸ் போட்ட தேநீரை இரண்டு கிளாஸில் ஊற்றி வைத்தார்.

"ஜெனீன், வா. வந்து உக்காரு. ஐஸ் கரையுது."

"வந்துட்டேன், வந்துட்டேன்." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அப்பாடா. காத்து நல்லா இருக்கு இல்ல?"

ரோலண்ட் வாயைத் திறந்தார். சொல்வதற்கு அவரிடம் முப்பது வருஷத்துக்கு மூட்டை இருந்தது. ஆலை ரோட்டில் பனிக்கு நடுவே நின்று வழிவிடாத மூஸ் மான், காகித உருளைகளுக்கு நடுவே படுத்துத் தூங்கி மாட்டிக்கொண்ட லூசியன், ஓய்வு பெறப் போகும் நாள் நெருங்க நெருங்க காலண்டரைப் பார்க்கவே பயந்தது, எல்லாம் சொல்லத்தான் ஆசை. மூஸ் மானில் ஆரம்பிக்கலாம் என்று நினைத்தார்.

"இரு, அந்த லில்லியில வாடின பூ ஒண்ணு தொங்குது. கண்ணை உறுத்துது." எழுந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் உறுத்தல."

"உனக்கு எதுதான் உறுத்தும்?"

ஒரு வாடின பூவைக் கிள்ளப் போனவள் அதற்குப் பக்கத்தில் ஒரு புல்லைப் பார்ப்பாள். புல்லைப் பிடுங்கக் குனிந்தவள் ரோஜா இலையில் வண்டைப் பார்ப்பாள். வண்டைச் சோப்புத் தண்ணீரில் தட்டிவிட்டால் சோப்புத் தண்ணீரை மாற்ற வேண்டும். கடைசியில் பூவாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பக்கவாட்டில் திரும்பி மறைந்துபோவாள். அங்கே அப்படி என்னதான் இருக்கிறதோ, திரும்பி வர யுகம் ஆகும். வரும்போது கொசுவும் கூடவே வரும். "ஐயோ கடிக்குது, உள்ள போலாம் வா" என்பாள். தினமும் இதே கூத்து. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அலைபவளை வைத்துக்கொண்டு ஒருவன் எதை ரசிப்பது?

ஒரு நாள் அவளுடைய செடி வெட்டும் கத்தரியை எடுத்து ஒளித்து வைத்தார். அன்று முழுக்க அவள் நகத்தாலேயே கிள்ளினாள். மறுநாள் கத்தரியோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இது உன் தூண்டில் பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சு?"

"நடந்து வந்திருக்கும்."

"கிழவனுக்கு விளையாட்டைப் பாரு."

வேலிக்கு அப்பால் நார்மண்டின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆலையில் கூட வேலை பார்த்தவன், வாய்க்குப் பூட்டே கிடையாது. "என்ன ரோலண்ட், ராஜா மட்டும் சிம்மாசனத்துல இருக்காரு, ராணி குப்பை வாருறாங்க?"

"உன் தக்காளியைப் பாத்துட்டுப் போடா."

"என் தக்காளி என்கூட உக்காந்து பேசுதுப்பா!"

அந்த வாரம்தான் கோயில் சிநேகிதி லூசில் தோட்டம் பார்க்க வந்தாள். வந்தவளை வாசலிலேயே மறித்துக்கொண்டு ஜெனீன் ஆரம்பித்துவிட்டாள். "ஐயோ லூசில், போன வாரம் வந்திருக்கணும் நீ! போன வாரம் பியோனி இருந்த இருப்பு என்ன! இப்ப பாக்க ஒண்ணுமே இல்ல, எல்லாம் காஞ்சு கெடக்கு." லூசில் வாயைப் பிளந்துகொண்டு லில்லியையும் ரோஜாவையும் பார்த்தாள். ஜெனீன் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, டெய்சிக்கு நடுவே செத்துப்போன ஒரு செடியைக் காட்டினாள். ரோலண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லூசில் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பாக்க ஒண்ணுமே இல்லையா? எனக்குப் பாக்க இவ்வளவு இருக்கே?"

"உனக்கு என்ன தெரியும்? நீ போன வாரம்..."

"போன வாரம் உன் தங்கச்சி வந்தப்ப என்ன சொன்ன? 'அடுத்த வாரம் வா, லில்லி பூத்துடும்'ன்ன. இன்னைக்கு இவகிட்ட போன வாரம்ங்கற. உன் தோட்டத்துக்கு இந்த வாரம்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?"

"கத்தாத."

"கத்துவேன். முப்பது வருஷம் இந்த வீட்டுல யாரும் கத்தல, இப்ப நான் கத்துவேன். மார்ச்லேர்ந்து காத்துட்டு இருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் சும்மா உக்கார முடியாதா உன்னால?"

"நீ ரிடையர் ஆயிட்ட ரோலண்ட்," என்றாள் ஜெனீன். "எனக்கு யாரு ரிடையர் குடுத்தா? களை ரிடையர் ஆகுதா? வண்டு ரிடையர் ஆகுதா?" சொல்லிவிட்டுப் பூவாளியை எடுத்துக்கொண்டு வழக்கம்போல வீட்டின் பக்கவாட்டில் போய் மறைந்தாள்.

ரோலண்ட் தனியாக உட்கார்ந்திருந்தார். கோபம் வடிந்தபின் அடியில் வேறொன்று கிடந்தது. அவளுக்குத் தன்னோடு உட்காரப் பிடிக்கவில்லை. விஷயம் அதுதான். பகலெல்லாம் இந்தச் செடிகளோடு இருந்தே அவளுக்குப் பழகிவிட்டது. தான் நடுவில் வந்து நாற்காலி போட்டுக்கொண்ட விருந்தாளி. இதை யாரிடம் சொல்ல? நார்மண்டிடம் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

இரண்டு நாள் யோசித்தார். ஆலையில் இயந்திரம் நின்றால் அவர் இயந்திரத்தைத் திட்ட மாட்டார், எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பார். இங்கே அடைப்பு எது? களைதானே? களை இருக்கும்வரை அவள் உட்கார மாட்டாள். அப்படியென்றால் ஒரு புல் இல்லாமல், ஒரு வாடின பூ இல்லாமல் தோட்டத்தைத் துடைத்து வைத்துவிட்டால்? வேலையே இல்லாத இடத்தில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் தோன்றவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சனிக்கிழமை வசதியாக அமைந்தது. கோயில் மண்டபத்தில் மறுநாள் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகார விற்பனை. புளிப்பு ருபார்ப் தண்டும் ஸ்ட்ராபெரியும் நறுக்கிச் சுட்டெடுக்க ஜெனீன் காலையிலேயே போய்விட்டாள், சாயங்காலம்தான் வருவாள். கார் தெருமுனை திரும்பியதும் ரோலண்ட் முட்டியில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அவரைச் சும்மா சொல்லக் கூடாது. வெயில் ஏற ஏற, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, ஒவ்வொரு பாத்தியாகத் தவழ்ந்தே போனார். பூ இருந்தால் செடி, பூ இல்லாவிட்டால் களை என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். சந்தேகம் வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிக் காட்டினார்.

"நார்மண்ட், இது களையா?"

"தின்ன முடியுமா?"

"முடியாதுன்னு நினைக்கறேன்."

"அப்ப களைதான்."

மத்தியானத்துக்குள் பின்பக்கம் முழுக்கச் சுத்தம். மண் சீப்பு வாரிய தலை மாதிரி இருந்தது. ஒரு சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு வீட்டின் பக்கவாட்டுக்குப் போனார். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே உள்ள இடம் அது. அங்கே எப்போதும் புல்லும் குப்பையும்தான் கிடக்கும் என்பது அவர் நினைவு. இப்போது கறுப்பு மண் கொத்திப் பரத்தியிருந்தது. அதில் கையகல இலைகள் வட்டவட்டமாகத் தரையோடு படிந்து கிடந்தன. பூனைக் காது மாதிரி லேசாக மயிர் படர்ந்த, நிறம் மங்கிய பச்சை. ஒன்றிலும் பூ இல்லை, மொட்டுகூட இல்லை. ஆனால் வரிசையாக நின்றன. 'எங்க வீட்டுல களைகூட ஒழுங்கா லைன் கட்டி வளருது' என்று சிரித்துக்கொண்டார். மண் ஈரமாக இருந்ததால் வேரோடு சுலபமாக வந்தன. ஒன்றுவிடாமல் பிடுங்கி, தார்ப்பாயில் போட்டு இழுத்துவந்து, கொல்லைக் கோடியில் சுள்ளென்ற வெயிலில் காயப் போட்டார்.

குளித்தார். சுத்தமான சட்டை போட்டார். எலுமிச்சைச் சாறு கலந்து ஐஸ் போட்டு, இரண்டு கிளாஸை நாற்காலிகளின் அகலக் கைகளில் வைத்தார். கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டபோது, கல்யாணத்துக்கு முன்னால் அவள் வீட்டு வாசலில் நின்றபோது அடித்த மாதிரி நெஞ்சு அடித்தது. அந்த வயதில் அது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஜெனீன் மாவு படிந்த கையோடு பின்பக்கம் வந்தாள். நின்றாள். பாத்திகளைப் பார்த்தாள்.

"யாரு செஞ்சா இது?"

"யாரு செய்வா? நான்தான்."

"நீயா?" குனிந்து லில்லிக்கு அடியில் பார்த்தாள், டெய்சிக்கு அடியில் பார்த்தாள். "வாடின பூவெல்லாம்கூட எடுத்துட்ட?"

"ஒண்ணு பாக்கி இல்ல. தேடிப் பாரு. இன்னைக்கு உனக்கு வேலையே கிடையாது. வா, வந்து உக்காரு."

அவள் முகம் மெல்ல இளகியதை ரோலண்ட் பார்த்தார். அடுத்த நொடி கண் கொல்லைக் கோடியில் கிடந்த தார்ப்பாய்க்குப் போனது. இரண்டடி எடுத்து வைத்தாள். பிறகு தார்ப்பாய்க்குப் போகாமல் சட்டென்று திரும்பி, வீட்டின் பக்கவாட்டுக்கு நடந்தாள். நடக்கவில்லை, ஓடினாள். ரோலண்ட் பின்னாலேயே போனார்.

ஜன்னலுக்குக் கீழே வெறும் கறுப்பு மண்.

"ஜெனீன்? என்ன ஆச்சு?"

"இங்க இருந்ததெல்லாம் எங்க?"

"இங்க ஒண்ணும் இல்லையே. களைதான் இருந்துச்சு. பூவே இல்ல..."

"அது ஃபாக்ஸ்குளோவ் ரோலண்ட்." குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "முதல் வருஷம் வெறும் இலைதான் வரும். இந்த வருஷம் இலை, அடுத்த ஜூலையில பூ. மார்ச்சுல விதை போட்டேன். கீழ வாஷிங் மெஷின் பக்கத்துல தட்டு தட்டா வச்சிருந்தேனே, நீ தாண்டித் தாண்டிப் போன."

ரோலண்ட் கொல்லைக்கு ஓடினார். தார்ப்பாயில் இருந்தவை வெயிலில் துவண்டு, வேர் நார்நாராகக் காய்ந்து, எடுத்தால் கையில் துணி மாதிரி தொங்கின. ஒரு பிடி அள்ளிக்கொண்டு திரும்ப ஓடி வந்தார். "நட்டுடலாம். தண்ணி ஊத்தினா எழுந்துக்கும். இப்பவே நட்டுடறேன்."

"தேறாது. விடு."

"பின்னால இவ்வளவு பூத்து நிக்குதே, அது விதை போடும் இல்ல?"

"போடும். அது முளைச்சு, இலை வந்து, பூ வர இன்னும் ரெண்டு வருஷம்." அந்தக் காய்ந்த இலையை அவர் கையிலிருந்து வாங்கினாள். "பின்னால இருக்கறது பின்னால இருக்கறது. இது உன் ஜன்னல்."

"என் ஜன்னலா?"

"இந்த இடத்துல நான் எதையாவது நட்டிருக்கேனா இத்தனை வருஷத்துல? பைப்பைத் திறந்தா உன் தூக்கம் கெடும். மண்வெட்டி சுவத்துல பட்டா உன் தூக்கம் கெடும். இந்தப் பக்கம் நான் செருப்பைக் கழட்டிட்டு நடந்தவ." இப்போதுதான் குரல் உடைந்தது. "ஒரு நாள் காலைல ஷிப்ட் முடிஞ்சு வந்து அந்தப் பூ முன்னாடி நின்ன. சாப்பாட்டு டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்ன. உள்ள வந்து 'அந்த வெள்ளைப் பூ நல்லா இருக்கு'ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போன. என் தோட்டத்தைப் பத்தி நீ சொன்ன ஒரே வார்த்தை அதுதான். நினைவிருக்கா?"

ரோலண்டுக்கு நினைவில்லை. இருக்கிறது என்று பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாய் வரவில்லை.

"நீ ரிடையர் ஆனதும் அந்த அலுமினியத் தாளைக் கிழிச்சு எறிஞ்ச. அடுத்த ஜூலையில காலைல கண்ணைத் திறந்தா ஜன்னல் முழுக்க இது நிக்கணும்னு நினைச்சேன். அதுக்குத்தான் தினம் சாயங்காலம் தண்ணி தூக்கிட்டு ஓடினேன். இந்தச் சுவர் ஓரம் சூடு, ஒரு நாள் விட்டா வாடிடும்."

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஜெனீன். ஒரே ஒரு வார்த்தை."

"எப்படிச் சொல்றது?" நிஜமாகவே தெரியாதவள் மாதிரி கேட்டாள். "இதையெல்லாம் உன்கிட்ட பேசி எனக்குப் பழக்கமே இல்லையே. நீ தூங்கிட்டுல்ல இருந்த."

அவள் அவரைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். ரோலண்ட் அந்த வெற்று மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது ஜெனீன் பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நுனியில் இல்லை. முதுகுப் பலகையில் முழுக்கச் சாய்ந்து, இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகள் மேல் போட்டு, எழுந்திருக்கும் எண்ணமே இல்லாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் காய்ந்த இலை கிடந்தது.

ரோலண்ட் மெதுவாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாதம் முழுக்கக் கேட்டது கிடைத்துவிட்டது. எதிரே லில்லி, டெய்சி, ரோஜா, பின்னால் வெள்ளை ஃபாக்ஸ்குளோவ், எல்லாவற்றின் மேலும் சாயங்கால வெயில். காற்று நன்றாக இருந்தது. மூஸ் மான் கதையைத் தேடினார், லூசியன் கதையைத் தேடினார், ஒன்றும் வாய்க்கு வரவில்லை. எலுமிச்சைச் சாற்றில் ஐஸ் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. வேலிக்கு மேல் நார்மண்டின் தலை எழுந்தது, இருவரையும் பார்த்தது, ஏதோ சொல்ல வாயெடுத்தது, சொல்லாமலே இறங்கிப்போனது.

"ரோலண்ட்."

"சொல்லு."

"ரோஜா மேல ஒரு கொடி ஏறுது பாரு. வெள்ளைப் பூவோட. அதை ஏன் விட்ட?"

"பூ இருந்துச்சு. செடின்னு நினைச்சேன்."

"அதுதான் களை. இந்தத் தோட்டத்துலயே மோசமான களை அதுதான்."

அவர் துள்ளி எழுந்தார். "இதோ, ஒரு நிமிஷம், வேரோட பிடுங்கி..." ஜெனீன் எட்டி அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு."

"ரோஜாவை நெரிச்சிடும் ஜெனீன்."

"உக்காருன்னு சொன்னேன்ல. எதையும் தொடாத. சும்மா உக்காரு."

ரோலண்ட் உட்கார்ந்தார். சட்டையைப் பிடித்த கையை அவள் விடவில்லை. விட மறந்தாளா, அவர் மறுபடி எழுந்துவிடுவார் என்று பயந்தாளா, அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கொசு வந்தது. முழங்கையில் கடித்தது, கழுத்தில் கடித்தது. ஜெனீன் எழுந்திருக்கவில்லை. அதனால் அவரும் எழுந்திருக்கவில்லை.